அம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

பங்காளிகள் அனைவருக்கும் வணக்கம். விமானச் சுதை, வர்ணம், மடப்பள்ளி ஓடு, மதில் பூச்சு எல்லாம் முடிந்தன. ரசீதுகள் கோயில் பீரோவில் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம்.

சரி, எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு வருவோம். மகாமண்டபம் 210 நாள் தாமதம். நாளுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று எழுதியிருந்தும் 4,20,000 பிடிக்காமல் 1,60,000 மட்டும் பிடித்தது ஏன்? ஒப்பந்ததாரருக்கும் கமிட்டிக்கும் உள்கை என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர்கள் இதைக் கடைசி வரை படிக்கவும்.

அதில் 100 நாள் நம்முடையது. சாதாரணத் தூணுக்கு ஒப்பந்தம் போட்ட பிறகு, ஆடி நோம்பிக் கூட்டத்தில் யாளித் தூண்தான் வேண்டும் என்று கை தூக்கியது இந்தச் சபையேதான். திருமுருகன்பூண்டி பட்டறையில் புதிதாகச் செதுக்க வேண்டியதாயிற்று. தூண் நிற்காமல் உத்திரம் ஏறாது, உத்திரம் ஏறாமல் தளக்கல் மூடாது. மதில் பூச்சு ஒரு மாதம் தள்ளியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு 30 நாள்; அதற்கு ஒப்பந்தமே இடம் கொடுக்கிறது. பாக்கி 80 நாள்தான் ஒப்பந்ததாரர் தன் ஆட்களை வேறு கோயில் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனது; அதற்குத்தான் அந்த 1,60,000.

முழுத்தொகைக்கும் வழக்குப் போடலாமே என்றார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. கோர்ட் நியாயமானதைத்தான் தரும். 55ஆம் பிரிவு இன்னும் கறார். கெடுவே முக்கியம் என்று போட்ட ஒப்பந்தத்தில், தாமதமாக முடித்த வேலையை ஏற்கும்போதே நஷ்டஈடு கேட்போம் என்று தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. அதனால்தான் செயலாளர் ஏற்புச் சீட்டிலேயே அதை எழுதிக் கையெழுத்து வாங்கினார். அன்று அவரை வம்புக்காரர் என்றவர்களும் உண்டு.

அப்புறம் ஒப்பந்ததாரர் நம்மிடம் கேட்டது. வெள்ளி, அமாவாசை தோறும் பூஜைக்காக உளிச்சத்தத்தை நிறுத்தச் சொன்னோம், சாரத்தைப் பிரித்து மாட்டச் சொன்னோம். வேலை நிற்கவில்லை, ஆனால் ஆட்கள் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு 90,000 கேட்டார். மேஸ்திரியின் நாள் நோட்டையும் நம் நோட்டையும் ஒத்துப் பார்த்து 35,000 கொடுத்தோம். நோட்டு இல்லையென்றால் கேட்டதையெல்லாம் கொடுத்திருப்போம்.

இனி உபயம் செய்தவர்கள். தூண்கள்: பெரியதோட்டத்தார், மேட்டுக்காட்டார், கிணற்றுத்தோட்டத்தார், சாலைத்தோட்டத்தார். தளக்கல்: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் பங்காளிகள் ஆறு பேர். அன்னதானம்: பெருந்துறை, காங்கேயம் மருமக்கள். பென்ஷனில் 5,000 அனுப்பிய பெரியம்மா பெயர் வேண்டாம் என்றார்.

புதுக் கமிட்டிக்குச் சாவிக்கொத்தும் நாள் நோட்டு நான்கும் தயார். எங்களை மறுபடி நிற்கச் சொல்ல வேண்டாம்.