ஸ்கூபா பயிற்சி: காசு அட்டைக்கா, தண்ணீருக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறைக்கு அந்தமான் போகிறவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலும் கூடிவிட்டார்கள். 'இருபத்தைந்தாயிரம், முப்பத்தைந்தாயிரம் கொடுத்து ஸ்கூபா கோர்ஸ் படிக்கத்தான் வேண்டுமா?' என்ற கேள்வியும் கூடவே வருகிறது. காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவதுதான் ஸ்கூபா. ஐந்தொகை போட்டுப் பழகிய சீமை, கேட்கத்தான் செய்வார்கள்.

வாழ்நாளில் ஒருமுறை பவளப்பாறையைப் பார்த்தால் போதும் என்பவருக்குக் கோர்ஸ் வேண்டாம். பயிற்றுநர் கூடவே இருந்து அதிகபட்சம் 12 மீட்டர் வரை கூட்டிப்போகும் அறிமுக டைவ் போதும். மறுபடியும் போவேன் என்பவருக்குத்தான் ஓபன் வாட்டர் கோர்ஸ். அதை முடித்தவர் துணை ஒருவரோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். இந்த முதல் படிக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பணம் கையில் கிடைக்கும் சான்றிதழ் அட்டைக்குப் போகிறதா, தண்ணீருக்குள் இருக்கும் நேரத்துக்குப் போகிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஊருணியிலும் கிணற்றிலும் குதித்து நீச்சல் பழகியவர்கள் 'நமக்கெதற்குப் பயிற்சி' என்பதுண்டு. அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. கிணற்றில் முதல் பாடம் மூச்சை அடக்குவது. ஸ்கூபாவில் உயிருக்கு உலை வைப்பதும் அதுதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை 5 லிட்டர் இழுத்து, அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலக்கும். கிணற்றில் முங்குகிறவர் மேலேயிருந்து கொண்டுபோன காற்றையே திரும்பக் கொண்டுவருகிறார், அதனால் அங்கே இந்த வம்பு இல்லை.

இதைப் புத்தகத்தில் படிக்க ஒரு நிமிடம் போதும். உடம்பு அந்தப் பழக்கத்தைக் கைவிட நாளாகும். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறியதும் புதியவர் செய்வது, மூச்சை நிறுத்திவிட்டு மேலே பாய்வது. ஆகவே மாஸ்க்கைக் கழற்றி மாட்டித் தண்ணீரை ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) வலக்கையைச் சுழற்றித் தேடி எடுப்பது, இரண்டையும் அலுத்துப்போகும் வரை செய்ய வேண்டும். ஒரு பயிற்றுநர், எட்டு மாணவர் என்றால் ஆளுக்கு ஒரு தடவை, அதுவும் தண்ணீருக்கடியில் தரையில் மண்டியிட்டபடி. மற்ற ஏழு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அப்படிப்பட்ட கோர்ஸ் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

கூட்டம் அதிகமானால் இன்னொன்றும் நடக்கும். ஆளை அடியில் உட்காரவைக்க ஈய எடைகளை அள்ளிக் கட்டிவிடுவார்கள். எடை கூடியதால் மிதவை ஜாக்கெட்டில் காற்று நிறைய ஏற்ற வேண்டும். மேலே வரும்போது அந்தக் காற்று விரிந்து ஆளை பலூன்போல் தூக்கும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வர வேண்டியவர், நேரே மேலே வந்து விழுவார். சரியான எடையைச் சோதிக்கும் வழி எளிது: ஜாக்கெட்டில் காற்றில்லாமல், சாதாரண மூச்சோடு நிமிர்ந்து மிதந்தால் தண்ணீர் கண் மட்டத்துக்கு இருக்க வேண்டும், மூச்சை விட்டால் மூழ்க வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சோதித்தால் மேலும் 2 கிலோ சேர்க்க வேண்டும், டைவ் முடிவதற்குள் அவ்வளவு எடைக் காற்று செலவாகிவிடும். நீச்சல் குளத்து எடை கடலுக்குப் போதாது. சாமானோடு 100 கிலோ இருப்பவருக்கு உப்புத் தண்ணீரில் இரண்டரை கிலோ கூடுதலாக வேண்டும்.

பழக்கத்தின் பலன் காற்றுக் கணக்கிலும் தெரியும். வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்தால் 2,200 லிட்டர். 50 பார் கையிருப்பு போக 1,650. நிதானமானவர் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசித்தால் 10 மீட்டரில் 40. நாற்பது நிமிடம் இருக்கலாம். பதற்றத்தில் 35 லிட்டர் இழுப்பவருக்கு 23 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு டைவுக்கும் காசு கட்டுகிறவர் இதையும் கணக்கில் எழுதலாம்.

அடுத்தடுத்த அட்டைகளில் எனக்கு அவ்வளவு மோகம் இல்லை. ஓபன் வாட்டர் முடித்த மறுநாளே ஐந்து டைவில் 'அட்வான்ஸ்டு' ஆக்கி 30 மீட்டர் அனுமதி தருவது அவசரம். இருபது டைவாவது போன பிறகு அதைப் பார்க்கலாம். ஆபத்தில் சிக்கியவரை மீட்கக் கற்றுத்தரும் ரெஸ்க்யூ கோர்ஸ் மட்டும் விலைக்குத் தகும். சாமானில் முதலில் சொந்தமாக வாங்க வேண்டியது முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க். மற்றதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்.

முன்பணம் கட்டுமுன் மருத்துவப் படிவத்தை வாங்கி உள்ளூர் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆஸ்துமா, காது அறுவை, இதயக் கோளாறு இருந்தால் அங்கே போய்த் தெரிந்து பயனில்லை. ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டு இறங்கினால் அடியில் மருந்தின் வேகம் தணிந்து, ஏறும்போது காது அடைக்கும்.

பயணச் செலவில் ஒருநாள் அறை வாடகையையும் சேருங்கள். பல நாள் டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது; அடியில் உடம்பில் கரைந்த வாயு, காற்றழுத்தம் குறைந்தால் குமிழாகும். ராமேசுவரம் பக்கம் டைவ் முடித்து அன்றிரவே கோடைக்கானல் ஏறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். சுமார் 2,100 மீட்டர் உயரம் என்பது ஏறக்குறைய விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம்தான்.

ஒரு வாசகர்,
தேவகோட்டை