செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஊர் முன் வந்த ஆய்வுகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, புரவலர்களே, ஆட்சிக்குழு உறுப்பினர்களே, மன்ற அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் மன்றம் ஆற்றிய பணிகளை அவை முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. பொங்கல் விழா, குறள் ஒப்புவித்தல் போட்டி, நூலகப் புதுப்பிப்பு ஆகியவை குறித்த சுற்றறிக்கை ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துவிட்டது. எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியைப் பல்கலைக்கழக மாணவர்கள், ஆசிரியர்களின் ஆய்வுக் கண்காட்சிக்கே ஒதுக்குகிறேன்.

காரைக்குடிக்கு ஆய்வு புதிதல்ல. வள்ளல் அழகப்பர் 1947இல் இங்கே கல்லூரி தொடங்கினார். அவர் அளித்த 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொண்டே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. இவ்வளவு இருந்தும், அந்த வளாகங்களுக்குள் என்ன ஆராய்கிறார்கள் என்று ஊருக்குள் செக்காலையிலோ கழனிவாசலிலோ கேட்டால் பதில் கிடைப்பது அரிது. ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு காரணம். ஊர்க்காரர்கள் போய்க் கேட்க ஓர் இடம் இல்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

ஆய்வாளரைப் பாராட்டுவது என்றால் அவர் செய்ததைப் படித்து, கேட்டு, கேள்வி எழுப்புவதுதான் என்று ஆட்சிக்குழு கருதியது. ஆகவே பொன்னாடை, மாலை, கேடயம் மூன்றையும் தவிர்த்து, அந்தத் தொகையைத் தமிழ்ச் சுருக்கங்களை அச்சிடவும் காட்சிப் பலகைகள் வாங்கவும் செலவிடத் தீர்மானித்தோம். இந்தத் தீர்மானம் நிலைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சி.வி. ராமன் தம் கண்டுபிடிப்பை 1928இல் அறிவித்த பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகும். அதை அடுத்து வந்த சனி, ஞாயிறுகளில் கண்காட்சி நடந்தது.

இடம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதே வகை விழா நடத்த விரும்பும் பக்கத்து ஊர் மன்றங்கள் அதைத்தான் முதலில் கேட்கின்றன. பெரிய வீடு ஒன்றின் வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றப் பகுதியை, பயன்படுத்தினோம். பங்காளிகள் பலருக்கும் உரிமையுள்ள வீட்டில் ஒருவர் சொன்ன சம்மதம் போதாது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் உட்பட எல்லாப் புள்ளிகளின் (உரிமையுள்ள குடும்பங்களின்) எழுத்துச் சம்மதமும் வேண்டும். அதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் ஆணியும் கூடாது, ஒட்டுநாடாவும் கூடாது. நாடாவை உரிக்கும்போது மெருகுப் படலம் அதோடு வந்துவிடும். ஒருமுறை போன மெருகைத் திரும்பக் கொண்டுவரும் கைகள் இன்று மிகக் குறைவு. தூண்களுக்கு இடையே கயிறு கட்டி, மேலே இரண்டு கிளிப், கீழே கனத்துக்கு ஒரு மர ரீப்பர் என்று சுவரொட்டிகளைத் தொங்கவிடுவதே சரியான முறை. ரீப்பர் இல்லாவிட்டால் முற்றத்துக் காற்றில் தாள் சுருண்டு கிழியும். தூணில் கயிறு படும் இடத்தில் பழந்துணி சுற்றுவது கட்டாயம். நண்பகலில் முற்றத்தின் வழியே வெயில் நேரே இறங்குவதால் பளபளப்புத் தாளும் ஃபிளெக்ஸும் கண்ணைக் கூசவைக்கும்; மங்கல் பூச்சுத் தாளே ஏற்றது. பழைய வயரிங்கில் புரொஜெக்டரையும் மின்விசிறிகளையும் சேர்த்து மாட்டாமல், அவற்றுக்குத் தனி ஜெனரேட்டர் வைக்க வேண்டும்.

சுவரொட்டி அளவு ஏ0, அதாவது 84.1 செ.மீ. அகலம், 118.9 செ.மீ. உயரம். கீழ் விளிம்பு தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருந்தால் மேல் விளிம்பு 2 மீட்டருக்குள் அடங்கும். பள்ளிப் பிள்ளைகளும் ஆச்சிமாரும் அண்ணாந்து பார்க்காமல் படிக்கலாம். எழுத்தின் அளவு தலைப்புக்கு 85 புள்ளி (பாயின்ட்), துணைத்தலைப்புக்கு 40, உடல் எழுத்துக்கு 28 என்று வரையறுத்தோம். சொற்கள் 400ஐத் தாண்டக் கூடாது. தமிழுக்கு வரி இடைவெளி எழுத்தளவைப் போல் குறைந்தது 1.3 மடங்கு வேண்டும். இல்லையென்றால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர வளைவும் முட்டிக்கொள்ளும். அச்சகத்தில் அதிகம் கெட்டுப்போவது எழுத்துருவால்தான். யூனிகோடில் தட்டச்சிட்டதைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இயங்கும் மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பாகவே கொடுத்து, முதலில் ஒரு ஏ4 தாளில் அச்சிட்டுச் சரிபார்த்த பிறகு பெரிய தாளுக்குப் போக வேண்டும். ஏ4இல் படிக்க முடியாத வரைபடம் ஏ0விலும் தூரத்திலிருந்து தெரியாது.

சுருக்கங்களை 250 சொற்களில் கேட்டோம். எதைக் கண்டறிய முயன்றார்கள், எப்படி அளந்தார்கள், என்ன கிடைத்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். முதல் வரைவுகளில் முதல் கேள்விக்கே பாதி இடம் போய்விடுவதும், நான்காவது காணாமலே போவதும் இயல்பு. ஆய்வு மாணவர் எழுதியதை வேறு துறை ஆசிரியர் ஒருவர் படித்து, புரியாத இடங்களைக் கோடிட்டுத் திருப்பி அனுப்பும் முறை இதற்கு நல்ல மருந்தாக அமைந்தது. பேராசிரியர்கள் தங்கள் சுருக்கங்களையும் இதே முறைக்கு உட்படுத்தினார்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

நடுவர் பணிக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சுவரொட்டிக்கு மாணவர் பேச 3 நிமிடம், கேள்விக்கு 2, மதிப்பெண் எழுத 1 என்றால் மணிக்குப் பத்து. 30 சுவரொட்டிகளை இரண்டு நடுவர்கள் வீதம் பார்க்க மொத்தம் 6 மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே கேட்பவரின் கவனம் தளரும்; ஆகவே குறைந்தது மூன்று நடுவர்கள் தேவை. ஒவ்வொரு சுவரொட்டிக்கும் துறை சார்ந்தவர் ஒருவர், சாராதவர் ஒருவர். நெறியாளர் தம் மாணவருக்கு மதிப்பெண் இடுவதில்லை. நூற்றுக்கு, கேள்வியின் தெளிவுக்கு 20, முறைக்கு 30, முடிவுக்கும் அதன் பிழை வரம்புக்கும் (அளவு எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதற்கும்) 20, பொதுமக்களுக்கு விளக்கும் திறனுக்கு 20, வடிவமைப்புக்கு 10. வடிவமைப்புக்குக் கூடுதலாகத் தந்தால் வண்ணங்கள் வெல்லும், ஆய்வு தோற்கும்.

மதிப்பெண் அதிகம் குறைவது பிழை வரம்பில்தான். "மூன்று முறை அளந்தோம்" என்பார்கள். எடுத்துக்காட்டாக, ஒரே தரைக்கல்லை மூன்று முறை அளந்தால் கருவி எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பது தெரியும். மூன்று வெவ்வேறு கற்களை அளந்தால்தான் கல்லுக்குக் கல் உள்ள வேறுபாடு தெரியும். இரண்டையும் குழப்பினால் வரைபடத்தில் பிழைக்கோடு பொய்யாகச் சிறுத்துவிடும். அச்சுகளில் அலகு எழுதாதது, செங்குத்து அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்காமல் பட்டை வரைந்து சிறு வேறுபாட்டைப் பெரிதாகக் காட்டுவது ஆகியவையும் அடிக்கடி வரும் குறைகள்.

ஊர்க்காரர்களின் கேள்விகள் கட்டடப் பொருள் பக்கமே அதிகம் சென்றன. அங்கே விளக்கப்பட்டவற்றில் வீட்டுக்காரர்களுக்குப் பயன்படும் சிலவற்றை இங்கே பதிகிறேன். சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாறித்தான் இறுகுகிறது. அதற்குக் காற்றும் சிறிது ஈரமும் வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் நுண்துளைகள் அடைபட்டு, சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகவும் உப்பாகவும் தள்ளும். விரிசலைச் சிமென்டால் அடைத்தாலும் அதே கதைதான்: சிமென்ட் சுண்ணாம்பைவிடக் கடினம், ஈரத்தை எளிதில் விடாது, ஈரம் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியுள்ள பழம்பூச்சை உதிர்க்கும். ஒட்டு வேலைக்குச் சுண்ணாம்பே வேண்டும்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையை வடிவத்துக்கு ஏற்ப ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, இறுகியபின் தண்ணீரில் பல நாள் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மெருகு. வண்ணக் கலவையில் நீர் கூடினால் ஓரங்களில் நிறம் கசியும். ஊறும் நாளைக் குறைத்தால் விளிம்பு உதிரும். இதில் இருப்பவை கால்சியச் சேர்மங்கள் என்பதால் ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேற்பரப்பு கரைந்து மெருகு போய்விடும். கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டை முகப்புத் தரைக்கும் ஊற்றும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் வீடு கட்டுவோர் கேட்டது கம்பி துருவைப் பற்றி. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை, பி.எச். அளவில் சுமார் 12.5 முதல் 13 வரை, கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தை உடைக்கின்றன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் உள்ளிருந்தே அழுத்திக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. விரிசல் கண்ணுக்குத் தெரியும்போது துரு வெகுதூரம் போயிருக்கும். எனவே மேலே பூசி மறைப்பதில் பயனில்லை. உப்பு நீரில் கலவை போடாததும் கம்பிக்கு மேல் போதிய கனம் விடுவதுமே காப்பு. மண்டபத்தில் மின்வேதியியல் நிறுவனத்துக்கு ஆய்வு நிலையம் இருப்பதும், கடற்காற்றில் உலோகங்களை வைத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

தம் ஆய்வை மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பேச்சுக்கும் ஓர் அமர்வு ஒதுக்கினோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய முறை இது: ஒரே ஒரு படவில்லை (ஸ்லைடு), அதில் அசைவு கூடாது, நேரம் கடந்தால் நீக்கம். தமிழில் பேசியவர்கள் நேரத்தை மீறியது பெரும்பாலும் அவையடக்கத்தாலும் வணக்க வரிசையாலும்தான். வணக்கம் ஒரு வரியோடு நிற்கட்டும்.

காட்சிக்கு வைக்குமுன் மாணவர்களிடம் ஒரு கேள்வி கட்டாயமாகக் கேட்கப்பட்டது: காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உண்டா? விண்ணப்பிக்கும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால் புதுமை இழந்ததாகக் கருதப்படலாம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் சில வகை வெளியீடுகளுக்கு மட்டுமே 12 மாதச் சலுகை தருகிறது. நம் கண்காட்சி போன்றவற்றை அதில் நம்பி இறங்க முடியாது. தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டு வந்தால் முழு விவரக்குறிப்புக்கு 12 மாத அவகாசம் கிடைக்கும். இல்லையென்றால், எண்ணமுள்ளவர்கள் காப்புரிமை கோரும் பகுதியை மட்டும் சுவரொட்டியிலிருந்து நீக்கலாம்.

ஆசிரியர்களுக்கான அமர்வில் வெளியீட்டு நெறிகள் பேசப்பட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் படிப்படியாக நடவடிக்கை உண்டு. 2022 விதிகள் ஆய்வேடு அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கின. தரமானவை என்று தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலையும் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இனி இதழின் தரத்தை ஆய்வாளரே சோதிக்க வேண்டும். இதழ்களுக்கான பன்னாட்டு அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என். எண் அந்த இதழுக்கே உரியதா, ஆசிரியர் குழுவில் பெயருள்ளவர்கள் தங்கள் சொந்தப் பக்கத்தில் அதைக் குறிப்பிடுகிறார்களா, மதிப்பீட்டுக்கு முன்பே பணம் கேட்கிறதா, சில நாட்களில் ஏற்பு வந்துவிடுகிறதா என்று பார்த்தால் போலிகள் பெரும்பாலும் சிக்கிவிடும்.

தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்களின் சார்பில் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் அச்சுத்தாள்களும் அவர் மறைவுக்குப் பின் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. நம் வீடுகளின் பெட்டகங்களில் பர்மா, மலேயாக் கணக்கேடுகளும் கடிதங்களும் இன்னும் இருக்கின்றன. எடைக்குப் போடாதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டினால் பசை பழுப்பேறித் தாளைத் தின்னும். பருத்தித் துணியில் பொதிந்து, தரையிலிருந்து உயர்த்தி, ஈரம் படாத அறையில் வைத்துவிட்டு மன்றத்துக்குச் சொல்லுங்கள். மாணவர்கள் வீட்டுக்கே வந்து படமெடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே விட்டுச் செல்வார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். வீடு தந்த பங்காளிகளுக்கும், சுருக்கங்களைத் திருத்திய ஆசிரியர்களுக்கும், கயிறு கட்டியதிலிருந்து குப்பை அள்ளியது வரை உடனிருந்த மாணவர்களுக்கும், வீட்டின் மூன்று கட்டுக்கும் காபி அனுப்பிய மகளிர் பிரிவுக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு ஆட்சிக்குழு முன்மொழிபவை: சுருக்கங்களை நவம்பர் இறுதிக்குள் பெறுதல், ஊருணிகளின் நீர்வரத்துக் கால்வாய்களை அளவிடும் மாணவர் குழுவுக்கு அளவுக்கருவிகள் வாங்கித் தருதல், தமிழ்ச் சுருக்கத் தொகுப்பின் படிகளை ஊர் நூலகங்களுக்கும் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் இலவசமாக அனுப்புதல். இவற்றையும் இந்த அறிக்கையையும் அவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்
காரைக்குடி