தீத்தடுப்புக் கதவை வெட்டிவிட்டுக் கைகழுவுவது குறித்துப் புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவருக்கு,

வணக்கம். உங்கள் விளம்பரம் தமிழில் வந்தது, விற்ற தம்பியும் தமிழில்தான் பேசினார், அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஏழு வாரமாக வாட்ஸ்அப், போன், கவுன்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் நான் முதலிலிருந்து கதை சொல்லவேண்டும். எனக்கு அலுத்துவிட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம் செந்தூலில் எங்கள் கொண்டோ வீட்டுக்கு, 17ஆவது மாடி, உங்கள் ஆட்கள் வந்து டிஜிட்டல் லாக் போட்டார்கள். கூலியோடு 2,180 வெள்ளி (ரிங்கிட்). எந்த மாடல் என்பது ரசீதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். வாங்கும் முன்பே நான் கேட்டேன், அந்த வாட்ஸ்அப் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: "இது தீத்தடுப்புக் கதவு, போடலாமா?" "போடலாம் அக்கா, எல்லாக் கதவுக்கும் பொருந்தும்" என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

பழைய பூட்டின் ஓட்டை புதுப் பூட்டுக்கு ஒத்துவரவில்லை என்று அதற்கு மேலேயே இன்னொரு பெரிய ஓட்டை வெட்டினார்கள். பழைய ஓட்டையில் புட்டியை அப்பி ஒரு தகட்டை வைத்து மறைத்தார்கள். கதவு ஓரத்தில் சூடு பட்டால் பொங்கி இடுக்கை அடைக்கிற பட்டை ஒன்று உண்டு, அதையும் பூட்டு வருகிற இடத்தில் அறுத்துவிட்டார்கள். அப்புறம், கதவு வேகமாகச் சாத்தினால் பூட்டுக்குள் இருக்கும் மோட்டார் கெட்டுப்போகும் என்று சொல்லி கதவைத் தானாக மூடவைக்கிற டோர் குளோசரின் கையைக் கழற்றி செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அன்று இதெல்லாம் தெரியாது. கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து எங்கள் கட்டடத்தைக் கவனிக்கிற கூட்டு நிர்வாக அமைப்பான ஜேஎம்பியின் ஆள் மாடி மாடியாகக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் கதவைப் படம் எடுத்தார். மறுநாளே கடிதம்: 30 நாளில் சான்றுள்ள கதவை மாட்டவேண்டும், இல்லாவிட்டால் தீயணைப்புத் துறையான பொம்பாவுக்குத் தெரிவிப்போம். குற்றவாளி மாதிரி நான் ஜேஎம்பி அலுவலகத்தில் போய் நின்றேன். அங்கிருந்த அதிகாரிதான் பொறுமையாக விளக்கினார். தீத்தடுப்புக் கதவு என்பது வெறும் பலகை இல்லையாம், கதவு, நிலை, கீல், பூட்டு, குளோசர் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக உலையில் வைத்து எம்எஸ் 1073 தரப்படி சோதித்துத்தான் சான்று கொடுப்பார்களாம், அதில் ஒன்றை மாற்றினாலும் அந்தச் சான்று செல்லாது. தீத்தடுப்புக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று 1984 கட்டடத் துணைச் சட்டத்தின் 164ஆவது விதியே சொல்கிறது. உங்கள் ஆட்கள் கழற்றிப் போட்டது அப்படி மூடவைக்கிற குளோசரைத்தான்.

பூட்டு விற்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? நான் கேட்பது ஒரே கேள்விதான்: உங்கள் பூட்டை இந்த வகைக் கதவோடு சேர்த்துச் சோதித்த அறிக்கை இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அனுப்புங்கள், ஜேஎம்பியிடம் காட்டிக்கொள்கிறேன். இதைப் பதினோரு தடவை கேட்டுவிட்டேன். வந்ததெல்லாம் பூட்டின் விளம்பரத் தாள்தான்.

இனி ஷா ஆலாமில் இருக்கிற உங்கள் கவுன்டருக்கு நான் போன விஷயம். "கதவின் படத்தையும் ரசீதையும் நேரில் கொண்டுவந்தால் அன்றைக்கே முடித்துத் தருகிறோம்" என்று போனில் சொன்னது உங்கள் ஆள். அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டு, அரை நாள் விடுப்புப் போட்டு, செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, இறங்கிக் கிராப் கார் பிடித்து, கொட்டுகிற மழையில் போய்ச் சேர்ந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு வந்த அந்தக் கண்ணாடி போட்ட ஆள் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. "பூட்டு வேலை செய்கிறதா? செய்கிறது. கதவு எங்கள் பொருள் இல்லை, ஆன்ட்டி" என்றார். குளோசரைப் பற்றிக் கேட்டதற்கு, "நெருப்பு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் வயதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா? அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், அதுவும் எழுத்தில்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. உள்பக்கக் கைப்பிடியை, பொத்தானை அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குழந்தை வெளியே போகாமல் இருக்க அந்த வசதியாம். எங்கள் வீட்டில் குழந்தை இல்லை, 78 வயது அம்மா இருக்கிறார், இரண்டு கையிலும் மூட்டுவலி. வெளியேறும் கதவு உள்ளேயிருந்து சாவியோ தனி அறிவோ தனி முயற்சியோ இல்லாமல் திறக்கவேண்டும் என்று 173ஆவது விதி இருக்கிறது. நான் வேலைக்குப் போனபிறகு நடைபாதையில் புகை வந்தால் அம்மா என்ன செய்வார்? புகை உள்ளே வராமல் தடுக்கக் கதவும் சரியில்லை, வெளியே வரக் கைப்பிடியும் சரியில்லை. ஏழு வாரமாக நான் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை. என் ரத்த அழுத்தம் ஏறியதற்கும் நீங்கள்தான் காரணம்.

புதுக் கதவு, நிலை, விடுப்பு, அலைச்சல், மருத்துவம், மன உளைச்சல் என்று என் கணக்கில் 20,000 வெள்ளிக்குக் குறையாது. ஆனாலும் நான் சண்டைக்கு வரவில்லை. தயவுசெய்து சான்றுள்ள கதவை நிலையோடும் குளோசரோடும் உங்கள் செலவில் மாட்டிக் கொடுங்கள், அந்தக் கதவோடு சோதித்த பூட்டு உங்களிடம் இல்லையென்றால் 2,180 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். கைப்பிடியை மட்டும் நாளைக்கே யாராவது வந்து மாற்றிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

14 நாள் தருகிறேன். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிவு செய்வேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. அங்கே வாட்ஸ்அப், படங்கள், ஷா ஆலாமில் எனக்குக் கொடுத்த எண் சீட்டு எல்லாவற்றையும் வைப்பேன். பொம்பாவுக்கும் நானே எழுதுவேன். எங்கள் கட்டடத்தில் மட்டும் இன்னும் நான்கு வீட்டில் உங்கள் பூட்டு இருக்கிறது, அவர்களிடமும் பேசிவிட்டேன்.

வழக்கம்போல "உங்கள் புகாரைப் பதிவு செய்தோம்" என்று தானியங்கிப் பதில் அனுப்பவேண்டாம். சனிக்கிழமை காலை வீட்டில் இருப்பேன், கதவு அளவு எடுக்க ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செந்தூல் வாடிக்கையாளர்,
கோலாலம்பூர்