கல்லாச் சாவி

சாத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு பக்கம்! இத்தனை வருஷத்தில் நீ இவ்வளவு நீளமாக எழுதியதே இல்லை. மனசு எவ்வளவு சங்கடப்பட்டிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினோரு வருஷம் செயலாளராக இருந்திருக்கிறாய். தண்ணீர் லாரிக்காரர் முதல் லிஃப்ட் மெக்கானிக் வரை எல்லோருடைய நம்பரும் உனக்கு மனப்பாடம். இப்போது முப்பத்தெட்டு வயசுப் பையன் ஒருவன் கூட்டத்தில் எழுந்து, கணக்கை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும், பொறுப்பும் கைமாற வேண்டும் என்று பேசிவிட்டான். அன்றிலிருந்து தூக்கம் இல்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மீனாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தினமும் தெருக்கோடி வரை நடக்கிறாள். வெள்ளரி இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. நம் ஒன்றாம் வகுப்புப் பள்ளிக்கூடத்துக்குப் புது ஓடு போட்டிருக்கிறார்கள், வேப்பமரம் அப்படியே நிற்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. போன தை மாதம் கடையின் கல்லாச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு வருஷம் யோசித்துத்தான் கொடுத்தேன். அந்த யோசனை எங்கே ஆரம்பித்தது என்று சொன்னால், நீ கேட்டதற்கும் அதிலேயே பதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பேத்திக்குப் பள்ளியில் கல்வி வளர்ச்சி நாளுக்குக் காமராஜரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவர் பிறந்த ஜூலை 15ஐ அப்படித்தானே கொண்டாடுகிறார்கள். சரி, பக்கத்தில்தானே இருக்கிறது என்று விருதுநகரில் அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். நீயும் நானும் காலேஜ் நாட்களில் போன அதே வீடுதான். திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: “தாத்தா, அவர் தோத்துப்போய்ப் பதவியை விட்டாரா, ஜெயிச்சு விட்டாரா?” பாடத்தில் ‘பதவி விலகினார்’ என்று மட்டும் போட்டிருக்கிறதாம். ஜெயித்துத்தான் விட்டார் என்றேன். “அப்போ ஏன் விட்டார்?” என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு கடைக்கு வந்துவிட்டது.

முருகேசா, அவரைப் பற்றிப் பேசும்போது நம் ஆட்கள் உடனே வேட்டி சட்டைக் கணக்கை ஆரம்பித்துவிடுவார்கள். வாடகை வீடு, கையிருப்பு சில ரூபாய், அம்மாவுக்கு அளந்து அனுப்பிய பணம். எல்லாமே பெரிய விஷயம்தான், அந்த எளிமையை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும். ஆனால் அது குடும்பமே இல்லாமல் வாழ்ந்த ஒரு மனிதரின் எளிமை. மூன்று பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த நம்மால் அதைக் கும்பிடத்தான் முடிகிறது. அன்றாட வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ள அவரிடம் வேறு இரண்டு காரியங்கள் இருக்கின்றன. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒன்று 1954ல் நடந்தது. ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய பிறகு காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் யார் என்று போட்டி வந்தது. ஜெயிப்பவர்தான் அடுத்த முதலமைச்சர். காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் ஜெயித்தார். ஏப்ரல் 13 அன்று பதவியேற்றபோது அமைச்சரவையில் மொத்தமே எட்டுப் பேர். அந்த எட்டில் இந்த இருவரும் உண்டு! ஏதோ ஒப்புக்கு ஓரமாக உட்கார வைக்கவில்லை. சுப்பிரமணியத்திடம் நிதியையும் கல்வியையும் கொடுத்தார். யோசித்துப் பார். பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பாவின் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைச் சட்டசபையில் தாங்கிப் பேசியவர் அதே சுப்பிரமணியம். அந்தத் திட்டத்தைக் கைவிடும் தீர்மானத்தை 1954 மே மாதம் கொண்டுவந்தவரும் அவர்தான். வேறொருவர் என்றால் பழைய ஆளை ஒதுக்கிவிட்டு, தானே அறிவித்துக் கைத்தட்டல் வாங்கியிருப்பார். காமராஜர் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் பார்த்தார். பிறகு மதிய உணவு வந்தபோதும் கல்வி அமைச்சர் அவர்தான்.

இன்னொன்று 1963ல். அப்போது காமராஜருக்கு அறுபது வயசு. ஒன்பதரை வருஷமாக முதலமைச்சர். முந்தின வருஷம்தான் நம் சாத்தூர்த் தொகுதியிலேயே மறுபடியும் ஜெயித்திருந்தார்; 1957லும் இங்கேதான் நின்றார். என் அப்பா இரண்டு முறையும் அவருக்கு ஓட்டுப் போட்டவர். போ என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கட்சி ஜனங்களிடமிருந்து விலகிப்போகிறது, பெரியவர்கள் நாற்காலியை விட்டு இறங்கிக் கட்சி வேலை பார்க்க வேண்டும் என்று நேருவிடம் அவரே யோசனை சொன்னார். சொன்னவரே முதலில் இறங்க வேண்டும் அல்லவா? அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று இறங்கிவிட்டார். அதே யோசனைப்படி மத்திய மந்திரிகள் ஆறு பேரும், வேறு மாநில முதல்வர்கள் ஐந்து பேரும் விலகினார்கள். லால் பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். இங்கே நாற்காலியில் யார் உட்கார்ந்தார் தெரியுமா? பக்தவத்சலம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எதிர்த்து முன்மொழிந்த அதே பக்தவத்சலம்.

அவர் அப்படிப் போயிருக்கக் கூடாது, போனதால்தான் இங்கே கட்சி சரிந்தது என்று அப்பா கடைசி வரை சொல்வார். அதிலும் நியாயம் இருக்கிறது. 1965ல் மொழிப் போராட்டம் வெடித்தபோது அவர் முதல்வராக இருந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றும். 1967ல் ஆட்சி போனது, விருதுநகரில் அவரே 1285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவரோ மக்கள் தீர்ப்பு என்று ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். விலகினால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். நஷ்டமும் உண்டு. அது தெரிந்துதான் விலக வேண்டும்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பார். நீயும் நானும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1966. அவர் கோட்டையை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வேப்பமரத்தடியில் நாம் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டோமே, அந்தச் சோறு இருந்தது. 1956ல் இங்கே பக்கத்து எட்டயபுரத்தில் அவர் தொடங்கி வைத்தது. உன் அலுமினியத் தட்டு நசுங்கியிருக்கும், குழம்பு ஒரு பக்கமாக ஓடிவிடும், என் தட்டில் கை வைப்பாய். பிடி அரிசி சேர்த்து நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, ஆறாம் வகுப்போடு நின்றுபோனவர் நமக்குப் போட்ட சோறு அது. போட்டவர் நாற்காலியில் இல்லை, ஆனாலும் ஒரு நாள்கூட நமக்குப் பசிக்கவில்லை.

இதையெல்லாம் யோசித்துத்தான் சாவியைக் கொடுத்தேன். சுலபமாக இல்லை. இரண்டாவது மாதமே மகன் பற்று நோட்டை நிறுத்தப்போவதாகச் சொன்னான். கொத்தனார்களும் மேஸ்திரிகளும் முப்பது வருஷமாக அதில் எழுதிவிட்டுத்தான் சிமெண்டும் கம்பியும் எடுத்துப்போவார்கள். அந்த நோட்டுதான் கடை என்று நான் நம்பியிருந்தேன். மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஒரு பழைய மேஸ்திரி வீட்டுக்கே வந்து, “அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். வாய் வரை வந்துவிட்டது. “கடையில அவன்கிட்டயே கேளுங்க, மேஸ்திரி” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பையன் கூப்பிட்டுக் கேட்டால் போவேன். இதுவரை இரண்டு தடவை கேட்டிருக்கிறான். இரண்டாவது தடவை, பழைய பாக்கியில் எதை விட்டுவிடலாம், எதைக் கேட்டு வாங்கலாம் என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். எந்த மேஸ்திரி வீட்டில் என்ன கஷ்டம் என்று நான் சொல்ல, அவன் பென்சிலால் குறித்துக்கொண்டான். மூன்று பேரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார், மற்ற இருவரும் வரவில்லை.

இப்போது உன் விஷயம். அந்தப் பையன் கணக்கை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும் என்றுதானே கேட்டான்? நீ தப்புச் செய்தாய் என்று சொல்லவில்லையே. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அப்படி ஒரு வரி அதில் இல்லை. உனக்குக் கேட்டது வேறு, அவன் சொன்னது வேறு. இந்தத் தேர்தலில் நீ நின்றால் ஜெயிப்பாய், பழைய ஆட்கள் எல்லோரும் உன் பக்கம்தான். ஜெயித்தால் முதல் வேலையாக அவனைப் பொருளாளர் ஆக்கு. கணக்கு மொத்தத்தையும் அவனிடம் கொடு. ஒரு வருஷம் பக்கத்தில் இருந்து, எந்த மோட்டார் எப்போது மக்கர் பண்ணும், எந்த வீட்டில் பராமரிப்புப் பணம் ஏன் தாமதமாகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடு. அடுத்த வருஷம் அவன் பெயரை நீயே முன்மொழி. எதிர்த்துப் பேசுகிறவனுக்கு அந்த இடத்தின் மேல் அக்கறை இருக்கிறது, முருகேசா. அக்கறை இல்லாதவன் கூட்டத்துக்கே வர மாட்டான்.

உனக்கு இது கசக்கும் என்று தெரியும். எனக்கும் கசந்தது. உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைத்து எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்ததும், எத்தனை மணியானாலும் சரி, போன் பண்ணு. கமலாவிடம் மீனா விசாரித்ததாகச் சொல். நீ கேட்ட காராச்சேவு நேற்று புதிதாகப் போட்டதில் ஒரு கிலோ வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பொட்டலமாகக் கட்டச் சொன்னேன். ஒன்று உனக்கு, இன்னொன்றை அந்தப் பையன் வீட்டில் நீயே கொண்டுபோய்க் கொடு.

உன்,
சண்முகம்