அழைப்பவருக்கும் பங்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுகிறவர்களைத் திட்டி உங்கள் பக்கத்தில் நிறைய கடிதங்கள் வருகின்றன. திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த போனின் மறுமுனையில் ஒருவர் இருக்கிறாரே, அவரை யாரும் கேட்பதில்லை. நானே அப்படி ஒருத்திதான், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் பீரோ சாவியைக் காணோம் என்று தம்பிக்கு மூன்று தடவை அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்து, "ஓட்டிட்டிருக்கேன், சொல்லுக்கா" என்றான். சரி, அப்புறம் பேசு என்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை, சாவி கதையை ஆரம்பித்தேன். நடுவில் பிரேக் கிறீச்சிட்டது, ஒரு ஹாரன், அப்புறம் சத்தமே இல்லை. "டேய், டேய்" என்று நான் கத்திக்கொண்டிருக்க, கொஞ்ச நேரம் கழித்து "ஒண்ணுமில்லக்கா, ஒருத்தர் குறுக்க வந்துட்டார்" என்றான். சாவி என் கைப்பையிலேயே இருந்தது.

அவன் காதில் ப்ளூடூத்தான் மாட்டியிருந்தான். கை இரண்டும் வண்டியில்தானே இருக்கிறது, அப்புறம் என்ன என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 1997-இல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் செல்போன் பில்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு. கையில் பிடிக்காமல் பேசினாலும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதையேதான் சொல்கிறது. கண் சாலையில் இருந்தாலும் மனசு பீரோ சாவியைத் தேடப் போய்விடுகிறது, பார்த்தது மண்டையில் ஏறுவதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசினால், முன்னால் லாரி திரும்பும்போது அவரே வாயை மூடிக்கொள்வார். போனில் இருப்பவருக்கு லாரியும் தெரியாது ஒன்றும் தெரியாது, "கேக்குதா? ஹலோ, கேக்குதா?" என்று பிடுங்கிக்கொண்டே இருப்பார். மெசேஜ் இன்னும் மோசம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி திரையைப் பார்த்தால், வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

போலீஸ், அபராதம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். "போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கிறான்" என்று குறைப்படுகிற முதலாளி, நிமிடத்துக்கு ஒரு தடவை "எங்க வந்துட்டிருக்க?" என்று கேட்கிற வீட்டுக்காரர்கள், இவர்கள் நிறுத்தாதவரை, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போகிறவன் மட்டும் எப்படித் திருந்துவான்? எடுத்ததும் "ஓட்டுறியா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, ஆமாம் என்றால் வைத்துவிட எத்தனை நொடி ஆகும்?

தம்பி இப்போது போனில் டிரைவிங் மோடு போட்டுவிட்டான். அடித்தால், "ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்" என்று மெசேஜ் மட்டும் வருகிறது. முதல் இரண்டு தடவை எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி