மன்னிப்பு கேக்க முதல்ல யார் வீட்டுக்குப் போகணும்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல கடிதப் பகுதியில ஒரு வாசகர் கேட்டிருந்தாரு, கிறிஸ்தவங்களுக்கு பாவம்ங்கிறது ரொம்ப ஈஸியாப் போச்சு, வாரம் பூரா என்ன வேணாலும் செய்யலாம், ஞாயித்துக்கிழமை முழங்கால் போட்டா கணக்கு முடிஞ்சிரும், ஏமாந்தவன் வீட்டுல உக்காந்து அழுதுட்டு இருப்பான் ஏமாத்துனவன் கோயில்ல பாட்டு படிச்சிட்டு இருப்பான்னு. எங்க வீட்டுல அதைப் படிச்சிட்டு ஆளாளுக்கு கோவப்பட்டாங்க. எனக்கு கோவம் வரல. நாங்களே எங்க சபைக்குள்ள கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் பாளையங்கோட்டைக்காரி, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை, ஈஸ்டருக்கு முன்னாடி வார லெந்து நோன்பு நாள் கூட்டம், பெரிய வெள்ளி மூணு மணி நேர ஆராதனைன்னு வளந்தவ, ஞாயிறு பள்ளியில பிள்ளைகளுக்கு பாடம் எடுக்கேன். அதனால பதில் சொல்லணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல, மன்னிப்பு நமக்கு இனாமாக் கிடைச்சாலும், அது யாருக்கும் செலவில்லாம வந்ததுன்னு வேதம் சொல்லல. மத்தேயு 18ல இயேசு சொன்ன கதையில ஒரு வேலைக்காரன் ராஜாவுக்கு பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருப்பான். அந்தக் காலத்துல ஒரு தாலந்துன்னா சுமார் 6,000 நாள் கூலி, கணக்குப் போட்டா 6 கோடி நாள் கூலி, தலைமுறை தலைமுறையா உழைச்சாலும் அடையாத கடன். ராஜா அதை விட்டுட்டாரு. விட்டுட்டாருன்னா அந்தப் பணம் எங்க போச்சு, ராஜாவோட கஜானாவுலதான குறைஞ்சுது, நஷ்டம் பூரா அவர் தலையில. சிலுவைன்னு நாங்க சொல்றது அதைத்தான், மன்னிக்கிறவரே நஷ்டத்தை ஏத்துக்கிட்டாரு.

கன்வென்ஷன் கூட்டங்கள்ல இதை விளக்க ஒரு கதை சொல்லுவாங்க, ஜட்ஜு தன் மகனுக்கே அபராதம் போட்டுட்டு கீழ இறங்கி வந்து தானே அந்தப் பணத்தைக் கட்டினாருன்னு. எனக்கு அந்தக் கதை பிடிக்காது. அபராதத்தை வேற ஒருத்தர் கட்டலாம், தூக்கை வேற ஒருத்தருக்குப் போட முடியுமா, எந்தக் கோர்ட்டு ஒத்துக்கிடும்? இன்னும் சிலபேர் பிதாவுக்கு கோவம் கோவமா வந்துச்சு, குமாரனை அடிச்சு தீத்துக்கிட்டாருன்னே பிரசங்கம் பண்ணுதாங்க, சின்னப் பிள்ளைக கேட்டா பயந்துருமேன்னு எனக்கு வயிறு எரியும். சபை சரித்திரத்துல இயேசு ஏன் சிலுவையில சாகணும்ங்கிறதுக்கு ஒரே ஒரு விளக்கம்தான்னு எப்பவும் இருந்ததில்ல. 11ஆம் நூற்றாண்டுல கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பா இருந்த அன்செல்ம், கடவுளோட மகிமைக்கு மனுசன் செலுத்த முடியாத ஈட்டை கிறிஸ்து செலுத்தினாருன்னு விளக்கினாரு, அவருக்கு அடுத்த தலைமுறை அபெலார்ட், சிலுவையில தெரிஞ்ச அன்புதான் மனுசன் மனசை மாத்துதுன்னு அழுத்திச் சொன்னாரு, ஆதி சபைப் பிதாக்கள் நிறையபேர் அதைப் பிசாசு மேலயும் சாவு மேலயும் கிடைச்ச ஜெயமாப் பாத்தாங்க. நான் பிடிச்சுக்கிட்டது 2 கொரிந்தியர் 5:19, தேவன் கிறிஸ்துவுக்குள்ள இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கிக்கிட்டாருன்னு, அதாவது பகை தீத்துச் சேத்துக்கிட்டாருன்னு பவுல் எழுதுதாரு. அடிக்கிறவர் ஒருத்தர் அடிவாங்குறவர் இன்னொருத்தர்னு இல்ல, அடிவாங்கினது கடவுளேதான்.

சரி, அந்த வாசகரோட கேள்விக்கு வாரேன். கடவுள் மன்னிச்சுட்டாருன்னா ஏமாந்தவனோட பணம்? அவன் பட்ட அவமானம்? வேதம் இதுல ரொம்பக் கறாரா இருக்கு, நாமதான் அந்தப் பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிருதோம். பழைய ஏற்பாட்டுல லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க, அடுத்தவன் பொருளை வஞ்சிச்சு எடுத்தவன் முதலைத் திருப்பிக் குடுக்கணும், அது கூட அஞ்சுல ஒரு பங்கு சேத்து உடையவன் கையில குடுக்கணும், பலிக்கு ஆட்டுக்கடா கொண்டு வாரது அதுக்குப் பொறவு. 16ஆம் அதிகாரத்துல பாவநிவாரண நாள் வருது, ரெண்டு வெள்ளாட்டுக்கடா, ஒண்ணு பலியாகும், இன்னொண்ணு தலையில ஆசாரியன் ஆரோன் ரெண்டு கையையும் வச்சு ஜனங்க பாவத்தையெல்லாம் அறிக்கை பண்ணி வனாந்தரத்துக்கு அனுப்பிருவாரு. அந்த நாளைப் பத்தி யூத குருமார்கள் மிஷ்னாங்கிற பழைய சட்டத் தொகுப்புல என்ன சொல்லுதாங்கன்னா, மனுசன் கடவுளுக்குச் செஞ்ச பாவத்துக்கு அந்த நாள் நிவாரணம், அடுத்த மனுசனுக்குச் செஞ்சதுக்கு அவனைப் போய் சமாதானப்படுத்துற வரைக்கும் நிவாரணம் கிடையாதுன்னு. இயேசுவும் மலைப்பிரசங்கத்துல காணிக்கையை பலிபீடத்துக்கு முன்னாடியே வச்சிட்டுப் போ, முதல்ல சகோதரன்கூட ஒப்புரவாகு, பொறவு வான்னு சொன்னாரே. வரி வசூல்காரன் சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்கும், வஞ்சிச்சு வாங்கினதை நாலத்தனையாவும் குடுக்கேன்னான். பணத்தைக் குடுத்து இரட்சிப்பை வாங்கிட்டான்னு நான் சொல்லல, உன் வீட்டுல தங்கணும்னு இயேசு கூப்பிட்ட பொறவுதான் அவன் வாயே திறந்துச்சு. ஆனா கிருபை உள்ள வந்த வீட்டுல பணப்பெட்டி சும்மா பூட்டிக்கிடக்கல பாத்தீங்களா.

எங்க சொந்த ஊரு தேரிக்காட்டுப் பக்கம். அங்க அண்ணன் தம்பிக்குள்ள ஒரு வழக்கு, அண்ணன் எல்லைக்கல்லை நகட்டி தம்பியோட ஏழெட்டு பனையைத் தன் பக்கம் சேத்துக்கிட்டாரு, பல வருஷம் அதுல பதநீ இறக்கி கருப்பட்டி காய்ச்சி வித்தாரு. சபையே சேந்து சாப்பிடுற அசன பண்டிகைக்கு ரெண்டு பேரும் வருவாங்க, எதிரெதிர் பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போவாங்க. ஒரு லெந்து நாள்ல அண்ணனுக்கு என்ன தோணுச்சோ, சர்வேயரைக் கூட்டிட்டு வந்து கல்லை பழைய இடத்துல நட்டாரு, பள்ளிக்கூடத்து நோட்டு ஒண்ணுல வருஷா வருஷம் என்ன கருப்பட்டி, என்ன விலைன்னு பென்சில்ல எழுதிக் கொண்டு போய் தம்பி கையில குடுத்தாரு. தம்பி ஒரு வார்த்தை பேசல, நோட்டை வாங்கி உக்காந்து வரி வரியாப் படிச்சு, இந்த வருஷம் விலை இதைவிடக் கூடன்னு ஒரு வரியை அடிச்சுத் திருத்தினாரு. அண்ணன் திருத்தின கணக்குப்படியே பணம் குடுத்தாரு. இன்னைக்கும் அவிய ரெண்டு பேரும் அவ்வளவா பேசிக்கிடுறதில்ல.

இதுல எனக்கு மனசு கொதிக்கிறது எதுக்குன்னா, சபையில சிலபேர் இப்ப தம்பியைத்தான் போட்டு நெருக்குதாங்க, நீ மன்னிக்கலேன்னா உனக்கும் பரலோகத்துல மன்னிப்பு கிடையாதுன்னு. அது இயேசு சொன்னதுதான், நான் மறுக்கல. ஆனா கல்லு நகந்து கிடந்த அத்தனை வருஷமும் இவங்கள்ல ஒருத்தர்கூட அண்ணன் வீட்டு வாசல்ல போய் நிக்கலையே. புருசன் கையால அடிவாங்கி அம்மா வீட்டுக்கு வந்த பிள்ளைகிட்டயும் இதே வசனத்தைச் சொல்லி மறுநாளே திருப்பி அனுப்பினதை நான் பாத்திருக்கேன். பழி வாங்க மாட்டேன்னு நாம இன்னைக்கே முடிவு பண்ணலாம், பண்ணணும். உறவு சேருறதுக்கு நாளாகும். யோசேப்பு தன்னை வித்த அண்ணன்மாரைப் பாத்த அன்னைக்கே கட்டிப்பிடிக்கல, தனியாப் போய் அழுதாரு, கடைசித் தம்பி பென்யமீனை விட்டுட்டுப் போயிருவாங்களான்னு சோதிச்சுப் பாத்தாரு, அண்ணன்மார்ல ஒருத்தரான யூதா தம்பிக்குப் பதிலா நான் அடிமையா இருக்கேன்னு சொன்ன பொறவுதான் அவருக்கு அடக்க முடியல. லூக்கா 17லயும் முதல்ல அவனைக் கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டா மன்னிச்சிருன்னுதான் இருக்கு.

1999 ஜனவரியில ஒடிசா மனோகர்பூர்ல ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும், அவரோட 10 வயசு பிலிப்பு, 6 வயசு திமோத்தேயுன்னு ரெண்டு பிள்ளைகளையும் வண்டியோட வச்சு எரிச்சாங்க. அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க, அங்கயே தங்கி தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செஞ்சாங்க. அவங்க மன்னிச்சாங்கன்னு கேஸ் நிக்கல, 2011ல சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையை உறுதி பண்ணுச்சு. அவங்க வாயிலருந்து அந்த வார்த்தையை யாரும் பிடுங்கல, அவங்களா குடுத்தது, அதனாலதான் அதுக்கு அந்த மரியாதை.

எங்க திருநெல்வேலி சபைகளுக்கு இது புதுசும் இல்ல. 1947ல சிஎஸ்ஐ ஆகுறதுக்கு முன்னாடி நாங்க ஆங்கிலிக்கன் சபை. அந்த முறைமையோட 1662ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்துல, அயலானுக்கு அநியாயம் செஞ்சவன் மனந்திரும்பினதை வெளிப்படையாக் காட்டணும், நஷ்டப்பட்டவனுக்கு ஈடு குடுக்கணும், இல்ல குடுக்கேன்னு உறுதியாவது சொல்லணும், அதுவரைக்கும் அப்பமும் ரசமும் வாங்குற திருவிருந்துக்கு வராதேன்னு குருவானவர் சொல்லணும்னே ஒழுங்கு போட்டிருக்கு. பெரிய வெள்ளியில, இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையில முதலாம் வார்த்தைக்கு, பிதாவே இவர்களுக்கு மன்னியும்னு வாசிச்சிட்டு, நீங்களும் மன்னிங்கன்னு பிரசங்கம் முடியும். வார வருஷம் எந்த ஐயராவது (குருவானவரைத்தான் எங்க பக்கம் ஐயர்ம்போம்) இந்தப் பழைய ஒழுங்கையும் சேத்து வாசிச்சு, அடுத்தவங்க நிலமோ நகையோ சம்பளமோ கையில இருக்கிறவங்க ஈஸ்டர் திருவிருந்துக்கு முன்னாடி கொண்டு போய்க் குடுங்கன்னு சொல்லணும்னு கேட்டுக்கிடுதேன்.

அந்த வாசகருக்கு ஒண்ணு. உங்களை ஏமாத்தினவர் ஒரு சபையில பாட்டு படிக்கிறவராவே இருந்தா, அந்த வட்டாரச் சபைகளைப் பாக்குற சேகர குருவானவரைப் போய்ப் பாருங்க, கணக்கை எழுதி எடுத்துட்டுப் போங்க, தனியாப் போகச் சங்கடமா இருந்தா பத்திரிகை மூலமா சொல்லிவிடுங்க, நான் கூட வாரேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.