ஒன்றரை லட்சத்தில் ஒரு சமையலறை

மதுரை

அன்புத் தோழிக்கு,

உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டதும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் விடாதே, சொன்னால் கேட்க மாட்டார் என்று தெரியும். இங்கே சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. பி.ஜி.யில் தங்கியிருக்கிறாள், சாப்பாடுதான் பிடிக்கவில்லையாம். இவர் ரிட்டையர் ஆனதிலிருந்து காலைக் காபி இவர் பொறுப்பு. போன வாரம் மீனாட்சி கோயிலில் நம் ஹாஸ்டல் வார்டன் அம்மாவைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டதும் முதலில் உன்னைத்தான் விசாரித்தார்.

சரி, சமையலறை அலமாரி பற்றி நீ போனில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேசினால் பாதி விட்டுப்போகும். அளவும் விலையும் கலந்த பேச்சு என்பதால் எழுதியே அனுப்புகிறேன். ஆசாரி வரும்போது கையில் வைத்துக்கொள்.

கும்பகோணத்து வீட்டுக்கே திரும்பிப் போகிறீர்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தச் சமையலறைதான் முதலில் ஞாபகம் வந்தது. ஷோரூமில் மாடுலர் கிச்சனுக்கு மூன்று லட்சத்து இருபதாயிரம் சொன்னார்கள், உன் கையில் இருப்பது ஒன்றரை லட்சம், பலகையைக் கொஞ்சம் மலிவாகப் போட்டால் கட்டுப்படியாகும் என்று அங்கிருந்த பையன் யோசனை சொன்னான் என்றாய். அதை மட்டும் செய்யாதே. அலமாரிப் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறை, பலகையின் தரத்தைக் குறைக்காதே. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

உன் சமையல் மேடைக்குக் கீழே கடப்பாக்கல் தடுப்பும் தட்டும் இருக்கின்றன. அதை இடிக்க விடாதே. ஷோரூம்காரர்கள் இடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வரிசையாக நிறுத்துகிறவர்கள். நடுவில் கல் இருந்தால் அவர்கள் அளவுக்கு ஒத்துவராது. ஆனால் உன் வீட்டில் பெட்டியின் பக்கங்களும் அடித்தட்டும் ஏற்கெனவே கல்லில் நிற்கின்றன. கல் தண்ணீரில் உப்பாது, அதைக் கரையான் அரிக்காது. முன்னால் சட்டம் அடித்துக் கதவு போட்டால் பாதி வேலை முடிந்தது. வாங்க வேண்டிய பலகை எவ்வளவு குறையும் என்று யோசித்துப் பார்.

இன்னொன்று, உங்கள் ஊர் வீடுகளில் சுவர் ஓதம் ஏறும். காவிரிக் கரை மண், அதுவும் பழைய சுண்ணாம்புச் சுவர். அந்தச் சுவரில் பலகைப் பெட்டியின் முதுகை ஒட்டிவைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடித்துவிடும், உள்ளே வைக்கிற மல்லித்தூள் வரைக்கும் வாடை அடிக்கும். அதனால் முதல் செலவு அலமாரி இல்லை, சுவர்தான். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கொத்தனாரைப் பார்க்கச் சொல். மேலே குழாய் கசிகிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று தெரிந்து, அதைச் சரிசெய்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் ஆசாரியைக் கூப்பிட வேண்டும். அப்போதும் அந்தச் சுவர்ப் பக்கம் முதுகுப்பலகை இல்லாமல் திறந்து விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இப்போது சதுர அடிக் கணக்கு. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒருவர் சதுர அடிக்கு ஒரு விலை சொல்வார், இன்னொருவர் அதில் பாதிக்கும் குறைவாகச் சொல்வார். மலிவாகச் சொன்னவர் மலிவு என்று நினைத்துவிடுவோம். எதை அளக்கிறார்கள் என்று முதலில் கேள். 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம், 22 அங்குல ஆழத்தில் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள். முன்பக்கத்தை மட்டும் அளந்தால் ஏழரை சதுர அடி. கதவு, முதுகு, இரண்டு பக்கம், அடிப்பலகை, உள்ளே ஒரு தட்டு என்று எல்லாப் பலகையையும் கூட்டினால் 35 சதுர அடி வந்துவிடும். ஒரே பெட்டிதான், கணக்கு நாலரை மடங்குக்கு மேல் மாறுகிறது. அதனால் சதுர அடி விலையை ஒப்பிடாதே. ஒரே வரைபடத்தை மூன்று பேரிடமும் கொடுத்து மொத்தத் தொகையைக் கேள். கைப்பிடி, கீல், இழுப்பறை ஓடுகிற சேனல், பலகையின் உள்பக்கம் ஒட்டுகிற மைக்கா எல்லாம் அதற்குள் அடக்கமா, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா தனியா, பழையதைப் பிரித்து அள்ளும் கூலி யார் தலையில் என்றும் எழுதி வாங்கிக்கொள்.

பலகை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன். கடையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று வாயால் சொல்வதை வைத்து வாங்காதே. தண்ணீர் தாங்குகிற மரைன் பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற எண் பலகையில் அச்சாகியிருக்க வேண்டும், கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்கு எந்தப் பொருளுக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று காட்டிவிடும். கடையில் நின்றுகொண்டே பார்க்கலாம். இந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிக்கிறார்கள், ஒட்டு விடக் கூடாது. சாதாரண கமர்ஷியல் பிளைவுட்டுக்கு இப்படிக் கடுமையான சோதனை கிடையாது. ஹாலில் புத்தக அலமாரிக்கு அது தாராளமாகப் போதும், சமையலறைக்கு வேண்டாம்.

பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சீவலையும் பசை போட்டு அழுத்திய பலகை. ஷோரூமில் மலிவு ரகமாகக் காட்டியது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் வெட்டிய ஓரத்தை மூடி ஒட்டுகிற பட்டி கொஞ்சம் பிரிந்து உள்ளே ஈரம் போனால் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிவிடும், பிறகு எதைச் செய்தாலும் பழைய நிலைக்கு வராது. கீல் ஸ்க்ரூ ஒரு தடவை கழன்றால் அதே ஓட்டையில் மறுபடி பிடிக்கவும் செய்யாது. நாமோ வெள்ளிக்கிழமையானால் சமையலறைத் தரையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறவர்கள். துடைத்து மட்டும் எடுக்கிற வீட்டுக்குப் பொருந்துவது நமக்குப் பொருந்தாது. புதிதாக எந்தப் பெட்டி வைத்தாலும் நாலு அங்குலம் தூக்கி பி.வி.சி. கால்களின் மேல் நிறுத்தச் சொல். பலகை தரையைத் தொடவே கூடாது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே பலகையே வேண்டாம். அங்கே அலுமினியச் சட்டத்தில் பி.வி.சி. ஷீட் கதவு போடு. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் குழாய் ஒழுகினாலும் கவலை இல்லை. வீடு முழுக்க பி.வி.சி. போர்டு போட்டுவிடலாம் என்றும் ஒருவர் சொல்ல வருவார். தண்ணீருக்கு அது நல்லதுதான். அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வளையும், நீளமான தட்டில் கனம் வைத்தால் தொய்யும், ஸ்க்ரூ பிளைவுட் அளவுக்குப் பிடிக்காது. அதனால் தொட்டிப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்.

பெட்டியைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற பணத்தை எங்கே போடுவது என்றால், இழுப்பறையில் போடு. நம் வயதில் குனிந்து, தரையில் ஒரு முட்டியை ஊன்றி, கடைசியில் இருக்கிற உளுந்து டப்பாவைத் துழாவி எடுக்க முடியாது. உன் முட்டி வலி எனக்குத் தெரியாதா? மேடைக்குக் கீழே, அடுப்புக்கு வலப்பக்கம் இருக்கிற கல் அறையில் நடுத்தட்டை மட்டும் கழற்றச் சொல். பக்கக் கல்லை ஒட்டி இருபுறமும் மரைன் பலகை அடித்து அதில் சேனல் பொருத்தினால் மூன்று இழுப்பறை வரும். மேலே கரண்டியும் அஞ்சறைப் பெட்டியும், நடுவில் பருப்பு டப்பாக்கள், கீழே குக்கரும் வாணலியும். இழுத்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். சாதாரண டெலஸ்கோபிக் சேனலே போதும், எவ்வளவு கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்கு, முழுசாக வெளியே வருகிற ரகமாகப் பார். டேண்டம் பாக்ஸ் என்று ஷோரூமில் காட்டிய ரெடிமேட் இழுப்பறை நன்றாகத்தான் இருக்கும், விலை பல மடங்கு. அந்தப் பணத்தில் இன்னொரு வரிசை இழுப்பறையே போட்டுவிடலாம்.

கம்பிக் கூடை வாங்குவதாக இருந்தால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பில்லில் எழுதித் தரச் சொல். காந்தம் வைத்துக் காட்டினால் நம்பிவிடாதே, 202 ரகத்திலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. 202 மலிவு, ஆனால் உப்பும் ஈரமும் படுகிற இடத்தில் சீக்கிரம் துருப் புள்ளி விழும். கீல் நல்ல கம்பெனியுடையதாக இருக்கட்டும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து மூடுகிறோம்! மூலைக்கு சுழல் தட்டு வேண்டவே வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கிற பணியாரக்கல்லும் முறுக்குப் படியும் மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

மேலே சுவர் முழுக்க அலமாரி அடைக்கிற யோசனையை நான் ஏற்க மாட்டேன். அந்தச் சமையலறையின் அழகே முற்றத்துப் பக்கம் இருந்து வருகிற வெளிச்சம். ஒரே ஒரு பக்கம், 12 அங்குல ஆழத்தில், கை எட்டுகிற உயரத்தில் போதும். மீதியில் இரண்டு திறந்த தட்டு போடு. அடுப்பிலிருந்து தள்ளிப் போடு, இல்லாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். தினமும் எடுக்கிற பாத்திரத்தை மட்டும் அங்கே வை. தினமும் கழுவுவதால் பிசுக்கு நிற்காது. உன் மாமியாரின் பித்தளை அண்டாவும் தவலையும் பரணிலும் கல் தட்டிலும்தான் இருக்க வேண்டும், அந்தக் கனத்தைப் பலகையில் ஏற்றாதே. மளிகைச் சாமான் முழுக்க ரேழியில் இருக்கிற தேக்கு அலமாரிக்குப் போகட்டும். அவ்வளவு நல்ல மரத்தில் இனி யார் செய்து தரப்போகிறார்கள்? உள்ளே இரண்டு தட்டு கூடுதலாக அடித்தால் போதும், ஷோரூமில் 'டால் யூனிட்' என்று காட்டிய உயரமான அலமாரியின் வேலையை அது செய்துவிடும்.

மேடை 34 அங்குலம் என்றாய். நீயோ ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. சப்பாத்திக்கு மாவு பிசையத் தோளைத் தூக்க வேண்டியிருக்கும், சாயங்காலம் வலிக்கும். முழங்கையை மடக்கி நின்று பார், அதற்கு நன்றாகக் கீழே இருப்பதுதான் மாவு பிசைகிற வேலைக்கு வசதி. மேடையை இடிக்க வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் 30 அங்குல உயரத்தில் ஒரு மேஜை போடு. அதில் மாவு பிசை, காய் நறுக்கு, வேண்டுமானால் உட்கார்ந்தே செய். கிரைண்டரும் அதன் கீழேயோ பக்கத்திலேயோ திறந்த இடத்தில் இருக்கட்டும், அதைத் தூக்கி அலமாரிக்குள் வைத்து எடுக்கிற வேலையெல்லாம் யாருக்கும் ஆகாது. என் அம்மா காலமெல்லாம் தனக்கு ஒத்துவராத உயரத்தில் நின்று சமைத்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன்னிடம் ஆசாரி கேட்பார், நீ அளவு சொல்லப் போகிறாய். அது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

நிறம் உன் இஷ்டம். பளபள மைக்காவில் கை ரேகை எல்லாம் தெரியும், மேட் வாங்கு. வெள்ளை வேண்டாம், மஞ்சள் கறை படும். கதவுக்கு 1 மில்லிமீட்டர் மைக்கா போடச் சொல், உள்பக்கத்துக்கு மெல்லிசு போதும்.

பொருளை நீயும் உன் வீட்டுக்காரரும் நேரில் போய் வாங்குங்கள், ஆசாரிக்குக் கூலி தனியாகப் பேசுங்கள். ஒரு பலகை எட்டடிக்கு நாலடி, 32 சதுர அடி. எத்தனை பலகை வேண்டும் என்று அவர் எழுதித் தருகிற பட்டியலை வரைபடத்தோடு ஒருமுறை ஒத்துப் பார். வெட்டி மிஞ்சுகிற துண்டுகள் உன்னுடையவை, அதில் உள்தட்டுகள் வந்துவிடும். கூலியை வேலை நடக்க நடக்கக் கொடு. கதவெல்லாம் நேராக மூடுகிறதா, இழுப்பறை கனத்தோடு ஓடுகிறதா என்று பார்த்த பிறகு கடைசிப் பங்கைக் கொடு.

வரைபடத்தை போட்டோ எடுத்து அனுப்பு, நான் இரவில் நிதானமாகப் பார்த்துச் சொல்கிறேன். இங்கே பலகைக் கடையில் விசாரித்து விலையும் அனுப்புகிறேன், உங்கள் ஊர் விலையோடு ஒப்பிட உதவும். அத்தைக்கு என் வணக்கம். அவரை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி

பி.கு.: சிலிண்டரை மறந்துவிட்டேன். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே போய்த் தேங்கும். அதனால் சிலிண்டர் நிற்கிற அறைக்குக் கதவு போட்டால் அடியில் காற்றுப் போக சல்லடைப் பட்டியோ ஓட்டைகளோ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு அறைக்குக் கதவே வேண்டாம், ஒரு திரையோடு விட்டுவிடு. ரெகுலேட்டரைக் குனியாமல் எட்டி மூட முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்.